சுடாத தட்டு

திடநிலை பேட்டரி இன்னும் இரண்டே ஆண்டில் கடைக்கு வந்துவிடுமாம். போன வாரம் கார்த்திக் போனில் சொன்னான். நான் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். அன்று என் மகள் சபீனாவுக்கு ஐந்து வயது. இன்று அவள் மகனுக்கு ஐந்து வயது. அந்த இரண்டு ஆண்டு மட்டும் குறையாமல் அப்படியே இருக்கிறது.

கார்த்திக், சபீனாவோடு கல்லூரியில் படித்தவன். மில்பிடாஸ் இருக்கிற அதே பே ஏரியாவில் ஒரு பேட்டரி கம்பெனியில் இருக்கிறான். நான் ஓய்வு பெற்று டெக்சஸில், காப்பெலில், மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். வேலையில் சந்தேகம் வந்தால் கூப்பிடுவான்.

"அங்கிள், நானோ பவுடரை ட்வென்டி ஃபோர் அவர்ஸ் ட்ரை பண்ணச் சொல்றாங்க. ஷெட்யூல் ரொம்ப டைட்டா இருக்கு. எய்ட் அவர்ஸ் போதாதா?"

"யோசிச்சுச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. பதில் ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்ல வாய் திறந்தால், பின்னாலேயே ஓர் ஓவனும் இரண்டு பெண்களும் வந்து நிற்கிறார்கள். ஒருவர் என் மேலதிகாரி. இன்னொருவர் அந்த ஓவனைப் பழுதுபார்த்தவர். அவர்களைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லவும் அலுப்பாக இருக்கிறது, சொல்லாமல் வைத்திருக்கவும் அலுப்பாக இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். வேதியியல் படித்துவிட்டு, ஊர்ப்பக்கம் ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் ஈயத்தோடும் அமிலத்தோடும் பதினைந்து வருஷம் குப்பை கொட்டினேன். நாற்பதைத் தாண்டிய பிறகு ஹெச்-ஒன் வேலை விசாவில் அமெரிக்கா வந்தேன். எல்லோரும் இருபத்தைந்தில் வருகிற ஊருக்கு நான் நரைத்த மீசையோடு வந்தேன். 2001 பிறந்தபோது மில்பிடாஸில் அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு பேர். பக்கத்துக் கட்டடத்தில் கடைப் பலகைகள் செய்வார்கள். அவர்களுடைய பெயின்ட் வாடை எங்கள் பார்க்கிங் வரை வரும்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண லித்தியம் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கும். அது தீப்பிடிக்கக் கூடியது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய பாலிமர் படலத்தை வைத்தால் அதுதான் திடநிலை பேட்டரி. தொல்லை என்னவென்றால், பாலிமர் ஆறியதும் அடுக்கு அடுக்காக இறுகிவிடும். லித்தியம் அயனிகளுக்கு நடமாட வழியிருக்காது. அதற்குள் நானோ அளவு அலுமினாத் தூளைக் கலந்தால், தூள் நடுவில் புகுந்து அந்த அடுக்கு சேரவிடாமல் தடுக்கும். அயனிகள் ஓடும். இதை நம்பித்தான் அந்தக் கம்பெனியே நின்றது.

அந்தத் தூளைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். டப்பாவைத் திறந்தால் புகை மாதிரி எழும்பும். ஒரு கிராம் தூளின் மேற்பரப்பை எல்லாம் பிரித்து விரித்தால், நாங்கள் குடியிருந்த இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்டின் தரை முழுவதையும் மூடிவிடும். அத்தனை பரப்பும் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். லித்தியத்துக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. அதனால் தூளை வெற்றிட ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இருபத்துநான்கு மணி நேரம் காயவைக்க வேண்டும். அதை வெளிக்காற்றுப் படாமல் உலர் அறைக்குள் கொண்டுபோய்ப் பாலிமரில் கலந்து, படலமாக இழுக்க வேண்டும். படலமான பிறகு அதை அதிகச் சூட்டில் காட்ட முடியாது, உருகிவிடும். ஆக, ஈரத்தை விரட்ட இருக்கும் ஒரே வாய்ப்பு அந்த ஓவன்தான். ஓவன் என் பொறுப்பு.

டாக்டர் சிவகாமிதான் எங்கள் தலைமை விஞ்ஞானி, எங்களுக்கு மேடம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கம்பெனியின் மூல யோசனையே அவருடையது. தன்னைவிடச் சின்னவர்களையும் "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசுவார். அந்த மரியாதையே நம்மை எட்டி நிற்கவைக்கும். அவர் அறைக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். தட்டினால் "வாங்க" என்பார். நாம் ஒரு அளவைச் சொன்னால் முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகு தாளைப் பார்ப்பார், பிறகு "இன்னொருக்கா எடுத்துட்டு வாங்க" என்பார். மூன்று தடவை எடுத்துப் போனால்தான் ஏற்றுக்கொள்வார். லேபில் இருந்த ஒவ்வொரு பதிவேட்டையும் வெள்ளிக்கிழமை தன் மேசைக்கு வரவழைத்து, பக்கம் பக்கமாகப் படித்து, கீழே பச்சை மையில் கையெழுத்திடுவார். படிக்காத பக்கத்தில் கையெழுத்திட்டதாக நான் பார்த்ததே இல்லை.

ஓவனுக்கு அவர் எழுதிவைத்த விதிகள் கதவிலேயே ஒட்டியிருந்தன. தடித்த கையுறை இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது. எதையாவது மாற்றினால், தனியே ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துச் சூட்டைச் சரிபார்த்த பிறகே ஓட்ட வேண்டும். முதல் விதியை நான் சேர்ந்த மாதமே ஒருமுறை மீறி, இடது மணிக்கட்டில் சூடு வாங்கியிருந்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் கரண்டுக்குத் தட்டுப்பாடு வந்து, ஏரியா ஏரியாவாக முறைவைத்து நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் பார்க்காத கரண்ட் கட்டா என்று நானும் பர்வீனும் வீட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துச் சிரித்தோம். பர்வீன் என் மனைவி. லேபில் சிரிக்க முடியவில்லை. மே மாதம் ஒருநாள் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில், ஓவனின் கன்ட்ரோலர் எரிந்துவிட்டது. கன்ட்ரோலர் என்பது சூட்டை வைக்கிற, காட்டுகிற சின்னப் பெட்டி. புதிது வரவழைத்து மாட்டியவர் லான்.

லான் வியட்நாமிலிருந்து சின்ன வயதில் வந்தவர். அப்போது ஐம்பது வயதிருக்கும், அமெரிக்கக் குடியுரிமை வாங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கள் மெஷின்கள் அத்தனைக்கும் அவர் ஒருவர்தான் டெக்னீஷியன். கழுத்தில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. அதிகம் பேசமாட்டார். என்ன செய்தாலும் பச்சை அட்டை போட்ட தன் பராமரிப்புப் பதிவேட்டில் பொடி எழுத்தில் எழுதி வைப்பார்.

அன்று நான் போனில் இருந்தேன். என் கிரீன் கார்டுக்கான முதல் கட்டப் பேப்பர்களில் ஏதோ விடுபட்டிருப்பதாக வக்கீல் அலுவலகத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். லான் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார்.

"ஜமால், சி ஆர் எஃப்?" என்று கேட்டார். செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒன் ட்வென்டி. சேம் அஸ் பிஃபோர்" என்றேன். கையை வேறு வீசினேன், போங்கள் என்பது போல. அவர் போய்விட்டார். பேச்சு முடிந்து நான் வந்தபோது டிஸ்ப்ளேயில் 120 என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தனித் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு நாள் வேலை பாழ். தூளை உள்ளே வைத்து, என் பதிவேட்டில் 120 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நம்மவர்களுக்கு என்று ஒரு கோளாறு உண்டு. ஊரில் காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்வோம், வெயிலைச் செல்சியஸில் சொல்வோம். இங்கே வந்தால் வெயிலும் அடுப்பும் ஃபாரன்ஹீட், லேபுக்குள் மட்டும் செல்சியஸ். இப்படித் தினமும் இரண்டு கணக்கில் வாழ்ந்து பழகிவிட்டால், எண்ணைப் பார்த்ததுமே மனசு தனக்கு வேண்டிய அளவை ஒட்டிக்கொள்ளும். லேபில் இருந்தேன், 120-ஐப் பார்த்தேன், அது செல்சியஸ் என்று என் மூளை முடிவு செய்துவிட்டது. ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து எரிந்துகொண்டிருந்ததை ஐந்து மாதம் என் கண் பார்க்கவில்லை.

ஜூன் மாதத்தில் அற்புதம் நடந்தது. படலத்தின் அயனிக் கடத்தும் திறன் திடீரென்று எகிறியது. ஒன்றிரண்டு மடங்கு அல்ல, முப்பது மடங்கு. நான் அந்தத் தாளோடு கதவைத் தட்டினேன். மேடம் பார்த்தார். "இன்னொருக்கா எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்தேன். அதே எண். மூன்றாம் முறையும் அதே எண். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டு வருஷமாக அவர் நம்பிவந்த விஷயம் அது. அளவை மூன்று முறை எடுக்கச் சொன்னவருக்கும் எடுத்த எனக்கும், தூள் காய்ந்ததா என்று ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை. எண் குறைந்திருந்தால் ஓவனைக் கழற்றிப் போட்டிருப்போம். எண் கூடியதால் வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்துவிட்டோம்.

ஆகஸ்டில் தொல்லை ஆரம்பித்தது. அந்தப் படலத்தை வைத்துச் செய்த நாணய அளவு பேட்டரிகள் மூன்று வாரம் நன்றாக ஓடும். பிறகு உப்பிவிடும். பூரி மாதிரி என்று நான் சொன்னதற்கு மேடம் சிரிக்கவில்லை. மூடி சரியாக இறுகவில்லை, காற்று புகுகிறது என்று தீர்மானித்து, இரண்டு மாதம் மூடியோடு மல்லாடினோம். லான் மூடி இறுக்கும் மெஷினை நான்கு முறை பிரித்து மாட்டினார். "மெஷின் இஸ் குட்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். யாரும் கேட்கவில்லை. நவம்பரில் முதலீட்டாளர்கள் முன்னால் பேட்டரியை ஓட்டிக் காட்ட வேண்டும், அந்தக் கவலை எல்லோருக்கும்.

இடையில், நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்தச் செப்டம்பர் வந்துபோனது. என்னைத் தெரிந்தவர்கள் எப்போதும்போல்தான் பழகினார்கள். தெரியாதவர்கள் என் பெயரைப் படித்ததும் ஒரு விநாடி கூடுதலாக என் முகத்தைப் பார்த்தார்கள். பர்வீன் தலையில் துணி போட்டுக்கொண்டு கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். மில்பிடாஸைச் சுற்றி ஆபீஸ் ஆபீஸாக ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். வேலை போனால் விசா போகும், விசா போனால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டும். ஊரில் அந்த வயதில் யார் வேலை தருவார்கள்?

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஓவனிலிருந்து தட்டை எடுக்கும்போது இடது கையுறை நழுவி, மணிக்கட்டு கம்பித் தட்டில் பட்டுவிட்டது. அதே இடம், பழைய தழும்பு இருந்த இடம். "ஸ்ஸ்" என்று கையை உதறினேன். உதறிய பிறகுதான் தெரிந்தது, சுடவில்லை. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் தட்டின் மேல் வைத்தேன். டீ குடித்து வைத்த டம்ளர் அளவுக்கு வெதுவெதுப்பு. அப்படியே கையை வைத்துக்கொண்டு டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். 120. வலது ஓரத்தில், மிளகு அளவில், F.

முப்பது மடங்கு அற்புதத்துக்குக் காரணம் நானோ தூள் அல்ல. தூளில் ஒட்டியிருந்த தண்ணீர். ஈரப் படலத்தில் அயனிகள் நன்றாக ஓடும். அதே ஈரம் லித்தியத்தைத் தின்று வாயுவைக் கிளப்பி, பேட்டரியை உப்பவைக்கும். ஐந்து மாதத்துப் படலங்கள் அத்தனையும் குப்பை. அத்தனைக்கும் என் கையெழுத்து.

அன்று மாலை பர்வீனை மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். லான் கேட்டது, நான் கையை வீசியது, எல்லாம்.

"இப்பவே சொல்லணுமாங்க? உங்க பேப்பர்ஸ் பாதியில கிடக்கு" என்றாள்.

"சொல்லாம எப்படிம்மா இருக்கிறது?"

"பேட்டரிதானே. மருந்தா மாத்திரையா, யாரும் செத்தா போயிடுவாங்க?" என்றவள் கொஞ்ச நேரம் வெளியே தள்ளுவண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே, "சொல்லாம இருந்தா உங்களுக்குச் சோறு எறங்காது. சொல்லிடுங்க. ஆனா வேலை போகாத மாதிரி சொல்லுங்க" என்றாள்.

அவளைக் குறைசொல்ல மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வாள்? அவள் வாயால் சொன்னாள், செய்தது நான்.

மறுநாள் காலை கதவைத் தட்டினேன். "வாங்க" என்றார் மேடம்.

"மேடம், ஓவன் செல்சியஸ்ல ஓடல. ஃபாரன்ஹீட்ல ஓடிட்டு இருக்கு."

அவர் ஒரு தாளை எடுத்து, பென்சிலால் 120 என்று எழுதி, அதிலிருந்து 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தார். டாக்டர் பட்டம் வாங்கியவர், பள்ளிப்பிள்ளை மாதிரி நிதானமாகச் செய்தார்.

"நாப்பத்தொம்பது" என்றார். "எத்தன நாளா இப்படி ஓடிட்டு இருக்குதுங்க?"

"மே மாசம் கன்ட்ரோலர் மாத்துனதுல இருந்து மேடம்."

"யாரு மாத்துனது?"

"லான்" என்றேன்.

அந்த ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "இன்னொருக்கா சொல்லுங்க" என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "செரிங்க, மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஐந்து வாரம் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ஓவனுக்குள் தனித் தெர்மாமீட்டர் வைத்தோம். காய்வதற்கு முன்னும் பின்னும் தூளை எடைபோட்டோம். எடை குறைவது நிற்கும்வரை காயவைத்தோம். ஈரமே இல்லாத படலத்தில் கடத்தும் திறன் வெறும் மூன்று மடங்குதான் கூடியது. மூன்று மடங்கும் பொய்யல்ல, நானோ தூள் உண்மையிலேயே வேலை செய்தது. பேட்டரியும் உப்பவில்லை. ஆனால் முப்பதைக் கேட்ட காதுக்கு மூன்று எம்மாத்திரம்? மேடம் செயல்விளக்கத்தை ரத்து செய்துவிட்டு, முதலீட்டாளர்களிடம் தானே போய், பழைய எண் தவறு என்று சொன்னார். நீல நிறப் பருத்திப் புடவையில் போய், இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நேராக லேப் கோட்டை மாட்டிக்கொண்டு உலர் அறைக்குள் போனார்.

டிசம்பரில் ஆட்குறைப்பு. ஒன்பது பேர். பட்டியலில் லான் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. இரண்டு வாரம் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரமும், வழக்கத்துக்கு மாறாக, மேடத்தின் அறைக்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஹீட்டர் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வழியாகத் தினமும் நாலைந்து முறை நடந்தேன்.

கடைசி நாள் லான் ஒரு அட்டைப்பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், தலையை நிமிர்த்தவில்லை. "டேக் கேர் ஆஃப் தி ஓவன்" என்று மட்டும் சொன்னார். கிண்டலாகத் தெரியவில்லை. உண்மையிலேயே ஓவனைப் பற்றிய கவலையோடு சொன்னதாகத்தான் இருந்தது. நான் அன்று கேட்டதை மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு எட்டு வருஷம். அதைச் சொல்ல அதிகமில்லை. மூன்று மடங்கை வைத்துக்கொண்டு கம்பெனி நொண்டியடித்தது. ஏதோ சின்னச் சின்ன ஆர்டர்கள் வரும், படலம் செய்து அனுப்புவோம். எனக்குக் கிரீன் கார்டு வந்தது. சபீனா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் வயதுக்கு வளர்ந்தாள். தினமும் காலையில் ஃப்ரீவேயில் நின்று நின்று போய், தூளைக் காயவைத்து, எடைபோட்டு, எழுதிவிட்டு வருவேன். கன்ட்ரோலரைப் பார்க்கும் போதெல்லாம் முதலில் ஓரத்து எழுத்தைத்தான் பார்ப்பேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

2009-இல் பொருளாதாரம் படுத்தபோது எங்களையும் மூடச் சொல்லிவிட்டார்கள். மெஷின்களை ஏலக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். காகிதங்களைப் பிரித்து, வேண்டாததைக் கிழிக்கிற வேலை எனக்கும் மேடத்துக்கும். மீதம் இருந்தவர்களே ஆறு பேர்தான். ஒரு பெட்டியின் அடியில் லானின் பச்சை அட்டைப் பதிவேடு கிடந்தது. கை சும்மா இருக்காமல் 2001 மே மாதத்தைப் புரட்டினேன்.

பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. ஓவனுக்குப் புதுக் கன்ட்ரோலர் மாட்டியாயிற்று. தொழிற்சாலையிலிருந்து F-இல் வந்திருக்கிறது. C-க்கு மாற்ற வேண்டுமா என்று ஜமாலிடம் கேட்டேன். 120, முன்பு போலவே என்றார். அப்படியே விட்டேன்.

அதற்குக் கீழே பச்சை மையில் மேடத்தின் கையெழுத்து. பக்கத்தில் தேதி. நான் அவர் கதவைத் தட்டிய அதே அக்டோபர் புதன்கிழமை. மே மாதக் கையெழுத்தும் மேலே இருந்தது. ஆக, அந்தப் பக்கத்தை அவர் இரண்டாம் முறை எடுத்துப் படித்திருக்கிறார்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "இத அப்பவே பாத்தீங்களா மேடம்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்து இருக்குதுல்லங்க?"

"அப்புறம் ஏன் லானை…"

"ஒம்பது பேர அனுப்பியே ஆகோணும்னு சொல்லிட்டாங்க. அவங்க சிட்டிசன், வேற பக்கம் பாத்துக்குவாங்க. உங்கள அனுப்புனா குடும்பத்தோட ஃப்ளைட் ஏறோணும். அதுவும் அந்த நேரத்துல. அப்படித்தான் நெனச்சேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நானும் மே மாசமே அந்தப் பக்கத்தப் படிச்சுக் கையெழுத்துப் போட்டவதானுங்க. படிச்சேன், புரிஞ்சுக்கல. செஞ்சது செரியா தப்பான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியலைங்க."

அவர் அடுத்த கட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"ஆனா நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றார். "அவங்க போற நாள் வரைக்கும் கதவத் தொறந்து வச்சிருந்தேன்."

வாழ்க்கையில் திட்டு வாங்கியிருக்கிறேன். ஊர்த் தொழிற்சாலையில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். அவையெல்லாம் அன்று மாலையே மறந்துபோனவை. இது இன்னும் மறக்கவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

லானின் நம்பரை மேடமே தேடிக் கொடுத்தார். சான் ஹோசேயில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். என் குரலை உடனே கண்டுகொண்டார். பர்வீன் எப்படி இருக்கிறாள், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். வேலை போன பிறகு பதினோரு மாதம் வீட்டில் இருந்ததாகச் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். கம்பெனி மூடுவதைச் சொன்னேன். "ஓவன் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

அதற்கு மேல் சுற்றிவளைக்க முடியவில்லை. "லான், அன்று கன்ட்ரோலர் மாட்டியபோது நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்டீர்கள். நான்தான் கவனிக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், எட்டு வருஷத்தில் மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் என்பதால் தடுமாறவில்லை.

மறுமுனையில் ஏதோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"இரண்டு தடவை கேட்டேன், ஜமால்" என்றார்.

கார்த்திக்குக் காலையில் பதில் அனுப்பிவிட்டேன். இருபத்துநான்கு மணி நேரமும் வேண்டும், எடை குறைவது நின்றதா என்று பார், ஓவனைப் பழுதுபார்ப்பவர் ஏதாவது கேட்டால் போனை வைத்துவிட்டுக் கேள் என்று எழுதினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருக்கிறான். லான் இரண்டாம் முறை கேட்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டேன். எனக்கு ஒரு தடவை கேட்டதுதான் நினைவிருக்கிறது.